வெயில் காணாத துணி

சில மாதங்களுக்கு முன் என் மகள் இணையத்தில் தருவித்த சிறு பொதியொன்று வீட்டுக்கு வந்தது. மாதவிடாய் நாட்களில் அணிவதற்கென்றே தைக்கப்பட்ட, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தக்கூடிய உள்ளாடைகள் மூன்று. உடன் ஒரு துண்டுச் சீட்டு. கழற்றியவுடன் குளிர்ந்த நீரில் அலசவேண்டும், பிழியும் நீர் தெளியும்வரை அலசவேண்டும், வெந்நீர் ஆகாது, துணியை மிருதுவாக்கும் திரவங்கள் ஆகா, பிளீச்சிங் ஆகாது, இஸ்திரி போடக்கூடாது, காற்றோட்டமான இடத்தில், இயன்றால் வெயிலில், கொடியில் உலர்த்தவேண்டும். மகள் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டிலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. "ஏட்டி, பச்சத் தண்ணியில அலசணும்னு சொல்லுததுக்கு ஒரு தாளா? எங்களுக்கு எவன் தாள் அடிச்சுக் குடுத்தான்?" என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, சிரிப்பில்லாமல், "ஆனா வெயில்ல போடச் சொல்லுதான் பாரு" என்றார்.

இந்த இரண்டாவது வாக்கியம்தான் இக்கட்டுரைக்குக் காரணம். ஆடை வரலாறு என்றால் பட்டும் கலிங்கமும் பேசுகிறோம், நெசவு பேசுகிறோம், சாயம் பேசுகிறோம். துவைத்தலுக்கு வரலாறு எழுதுவாரில்லை. அதிலும் இந்தத் துணியைத் துவைத்தலுக்கு எழுதுவது பண்பாடன்று என்று கருதுவோர் இதை வாசிக்கும் நண்பர்களிலும் சிலர் இருக்கலாம். அவர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஏடுகளிலிருந்தும், வீட்டில் கேட்டறிந்தவற்றிலிருந்தும் சிலவற்றைத் தொகுத்துச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் அந்தப் பச்சைத் தண்ணீர். குருதியில் புரதம் நிறைய உண்டு. வெப்பம் பட்டால் புரதம் உறையும். அவிந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாததுபோல, வெந்நீர் பட்ட கறை நூலிழைக்குள் இறுகி நின்றுவிடும். குளிர்ந்த நீரில் அது கரைந்து வெளியேறும். கரையாமல் எஞ்சுவதைக் காரம் இளக்கும். சாம்பல் நீரும் உவர்மண்ணும் செய்த வேலை இதுவே. இன்று கறை நீக்கும் சலவைத்தூள்களில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சேர்க்கிறார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1913இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சேர்த்த 'புர்னுஸ்' என்ற தூள் மறு ஆண்டே சந்தைக்கு வந்தது. மிருதுவாக்கும் திரவத்தை விலக்கச் சொல்வதற்கும் காரணம் எளியதே. அது இழைகளின்மேல் மெழுகுபோலப் படிந்து, ஈரத்தை உறிஞ்சும் ஆற்றலைக் கெடுத்துவிடும். சூடான இஸ்திரிப் பெட்டி, கசிவைத் தடுக்கும் வெளியடுக்கைப் பாழாக்கும். ஆக, சீட்டில் புதியதென்று சொல்லத்தக்கது அந்த மெல்லிய நெகிழி அடுக்கைப் பற்றியது மட்டுமே. மற்றவை யாவும் தமிழ்நாட்டு ஆற்றுத்துறைகளில் பன்னூறாண்டுகளாகப் புழங்கிய அறிவு.

இதற்கு ஏட்டுச் சான்றே உண்டு. புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஒளவையார் ஒரு வீரனின் வெண்ணிற ஆடையைச் சொல்ல வருகிறார். உவர் பூத்த நிலத்தில் கிணறு தோண்டி, அந்த நீரில் அன்றாடம் அதைத் துவைத்துத் தருபவள் ஒரு புலைத்தி. நல்ல நீர் இருக்க உவர் நீரை ஏன் நாடினாள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அது காரநீர், அழுக்கை அறுக்கும். தொழில் அறிந்தவளின் தேர்வு அது. குறுந்தொகை 330இல் இன்னொரு புலைத்தி கஞ்சிப் பசையிட்ட துணியைக் குளத்து நீரில் அலசுகிறாள். நீருக்குள் முறுக்கு விடாமல் கிடக்கும் அத்துணி, அப்பாட்டில் ஒரு பூவுக்கு உவமையாகிறது. அவளுக்குப் புலவர் தரும் அடைமொழி நயமானது, இழிவு தொனிக்காதது. புலைத்தி என்பதற்கு வண்ணாத்தி என்றே உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். அந்தச் சொல் பிற்காலத்தில் என்னவாயிற்று என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மாதவிடாய் குறித்த பழைய சான்றுகளில் ஒன்றும் புறநானூற்றிலேயே இருக்கிறது. 299ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது. உழுந்துச் சக்கையைத் தின்று வளர்ந்த சிற்றூர் மன்னனின் குதிரை போரில் பாய்ந்து செல்கிறது. நெய்ச்சோறு தின்ற பெருவேந்தனின் குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. முருகன் கோயிலில், பாத்திரங்களைத் தொடலாகாத நாட்களில் பெண்கள் எட்டி நிற்பதுபோல என்பது உவமை. விலக்கு என்னும் வழக்கத்தின் பழமைக்கு இப்பாட்டை எல்லாரும் காட்டுகிறார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தச் சிற்றூருக்கு வேலியாக நிற்பது பருத்தி. ஊரைச் சுற்றிலும் பருத்தி விளைகிறது. ஊருக்குள் பெண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒரு துண்டுத் துணியைப் பாட்டு சொல்லவில்லை. இப்பாட்டு என்றில்லை, நம் நெடிய இலக்கியப் பரப்பில் அத்துணியைக் காண்பது மிக அரிது. தொல்காப்பியர் பூப்புக்குப் பின்னான பன்னிரண்டு நாளைப் பற்றிப் பேசுகிறார். அது தலைவன் பிரிந்திருக்கக்கூடாத நாள் கணக்கு. பாரதியின் பாஞ்சாலி தான் ஓராடையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்கிறாள்; அதுவும் சபைக்கு வர இயலாமைக்கான காரணமாகத்தான். சிவவாக்கியர் ஒருவர்தான் தூமை தூமை என்று ஒதுங்குவோரை மறித்து, உங்கள் உடம்பு எதனால் ஆனது என்று கேட்டார். அந்தச் சித்தரும் துணி துவைத்தவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஏட்டில் இல்லாதது வழக்கில் இருந்தது. அதன் பெயர் மாற்று. பேச்சில் மாத்து. விலக்கான பெண், மூன்று நாளும் உடுத்திய சேலையை நான்காம் நாள் வண்ணாத்தியிடம் போட்டுவிட்டு, அவள் வெளுத்துக் கொண்டுவரும் வேறு துணியை உடுத்திக்கொள்வாள். பெண் பெரியவளாகும்போது உடுத்திய சேலை வண்ணாத்திக்கே உரிமை. வட மலபாரில் இது இன்னும் கெட்டிப்பட்ட வழக்கமாக இருந்தது. மாதவிடாய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பின் வண்ணாத்தி தரும் மாற்றைக் கட்டினாலொழிய நாயர், தீயர் வீட்டுப் பெண்களுக்குத் தீட்டு விலகாது. ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு செய்ய வேண்டுமானால் அந்த வீட்டுக்கு மாற்றை நிறுத்திவிட்டால் போதும். பொன்னின் தரத்தைச் சொல்ல மாற்று என்கிறோம். எழுத்தளவில் இதுவும் அதே சொல்.

இதில் உள்ள முரணைக் கவனிக்க வேண்டும். அவள் கை பட்ட துணிதான் தீட்டைப் போக்கும். அவள் கை பட்டால் அதுவும் தீட்டு. வீட்டுக்குள் வரக்கூடாதவள் வெளுத்த துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பெண் அடுக்களைக்குள் போகலாம். இந்தக் கணக்கைப் போட்டவன் யார் என்று தெரியவில்லை, ஆனால் அவன் ஒருநாளும் துணி துவைத்தவனாக இருந்திருக்க மாட்டான்.

என் தாயார் பிறந்தது தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிப் பக்கம். 1960களில் அவர் பெரியவளானபோது வீட்டில் நடந்தவற்றை இந்தப் பொதி வந்த அன்று மாலைதான் எனக்கு முழுமையாகச் சொன்னார். நாற்பது வயது கடந்த பிறகு மகள் கேட்கும் கதை இது. பழைய நூல் சேலையைக் கிழித்து நாலாக மடித்துக்கொள்வது. இடுப்பில் ஒரு கயிற்றில் முன்னும் பின்னும் செருகிக் கட்டுவது. புதுத்துணி உதவாது, கஞ்சி போகாத துணி ஈரம் இழுக்காது, தொடையை அறுக்கும். பலமுறை துவைத்து நைந்த சேலைதான் வேண்டும். (உள்ளாடைச் சீட்டிலும் முதன்முறை அணியுமுன் துவைத்துவிடச் சொல்லியிருப்பதை மகள் எடுத்துக்காட்டினாள்.) விடியுமுன் எழுந்து, வாய்க்காலில் நீர் போகும் திசைக்குக் கடைசியில், மற்றவர் குளிக்கும் படித்துறைக்குக் கீழே, இருட்டோடு இருட்டாக அலசிவிட வேண்டும். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்ப்பதுண்டு. பிற்பாடு பார் சோப்பு வந்தது.

துவைத்தபின் எங்கே காயப்போடுவது? இங்கேதான் அவர் குரல் இறங்கியது. தொழுவத்துக்குப் பின்னால், மாட்டுச் சாணி அடுக்கிய சுவரோரம், ஒரு பழைய சாக்கின் அடியில். மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. காய்ந்ததைச் சுருட்டித் தொழுவத்து எரவாணத்தில் செருகி வைத்தால் அடுத்த மாதம் எடுக்கும்போது உள்ளே பூரான் இருக்கும். உதறாமல் எடுக்கக்கூடாது என்பது முதல் பாடம். ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பாம்பு தாண்டினால் பிள்ளை பிறக்காது. "ஊரு ஒலகத்துத் துணியெல்லாம் வெயில்ல காயும். இது மட்டும் வெயிலக் கண்டுரக் கூடாது" என்றார். வீட்டில் துவைத்த சோப்பின் பெயர் என்னவென்று கேட்டேன். "சன்லைட்டுதான்" என்றார். 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கிய அந்த இங்கிலாந்துச் சவர்க்காரம் எண்பது ஆண்டுகளில் எங்கள் வாய்க்கால்வரை வந்து சேர்ந்துவிட்டது. சூரிய ஒளி என்று பெயர் பொறித்த கட்டியால் துவைத்து, அத்துணியைச் சாக்கின் அடியில் போட்டிருக்கிறார்கள்.

சேலைகள் மட்டும் வண்ணாத்திக்குப் போயின. அவள் வந்து புறவாசலில் நின்று குரல் கொடுப்பாள். துணிகளைக் கோலால் தள்ளிவிடுவார்கள். அவள் ஊறவைத்து, உவர்மண் கரைத்த நீரில் முக்கி, வெள்ளாவியில் அடுக்கி, ஆற்றில் அடித்துத் துவைத்துக் கொண்டுவருவாள். சேங்கொட்டைச் சாற்றால் மூலையில் இட்ட குறி எந்த வீட்டுத் துணி என்பதைச் சொல்லும். எங்கள் வீட்டுக் குறி இரண்டு புள்ளியும் ஒரு கோடும் என்பது தாயாருக்கு நினைவிருக்கிறது. அந்த அம்மாளின் பெயரைக் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். வரவில்லை. கூலி பணமாக இல்லை, அறுப்பில் நெல்லும் அன்றாடம் ராச்சோறும்.

அதே மாவட்டம் தொடர்பான ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். 1932 டிசம்பரில் சென்னை 'இந்து' நாளேட்டில் வெளிவந்தது அது. திருநெல்வேலி மாவட்டத்தில் புரத வண்ணார் என்றொரு பிரிவினர் இருக்கிறார்கள். தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்கே துணி வெளுப்பவர்கள். இவர்களைப் பார்த்தாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வர இயலாது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வேலை செய்கிறார்கள். பேட்டிக்காக அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரச்செய்வதே பெரும்பாடாயிற்று என்றது அச்செய்தி. அம்பேத்கர் தம் எழுத்தில் இதை எடுத்தாண்டிருக்கிறார். புதிரை வண்ணார் என்று இன்று அறியப்படும் அம்மக்களின் வாழ்வை இமையம் தம் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் ஆரோக்கியம் என்ற பெண்ணை நடுவில் வைத்து எழுதினார். அவர்களுக்கென ஒரு நல வாரியத்தைத் தமிழக அரசு அமைத்தது 2009இல்.

பல ஆண்டுகளுக்கு முன் அச்செய்தியை முதன்முதலில் படித்தபோது சாதிக்கொடுமையின் உச்சம் என்று குறித்து வைத்துக்கொண்டேன். தாயார் வாய்க்கால் கதையைச் சொன்ன பிறகுதான் அது வேறுவிதமாகப் புரிந்தது. பகலில் தென்படக்கூடாதது துணி. அதைத் துவைத்தவர்களும் பகலில் தென்படக்கூடாதவர்கள் ஆனார்கள். என் தாயார் விடியுமுன் ஒரு மணி நேரம் அனுபவித்த இருட்டு அவர்களுக்கு வாழ்நாள் முழுதும். இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். என் தாயார் அலசி முடித்து வீடு திரும்பலாம், பொழுது விடிந்ததும் தெருவில் நடக்கலாம். பெண்ணின் உடலைப் பற்றிய கூச்சத்தைப் பேசும் நம் பெண்ணிய எழுத்துகள் பெரும்பாலும் என் தாயாரோடு நின்றுவிடுகின்றன. புறவாசலில் நின்றவள்வரை போவதில்லை. நானும் போனதில்லை.

துணி எல்லா இடத்திலும் மறைக்கப்பட்டது என்றும் சொல்லிவிட முடியாது. கேரளத்துச் செங்கன்னூர் மகாதேவர் கோயிலில் அம்மனுக்குத் திருப்பூத்து உண்டு. அம்மனின் ஆடையில் குறி தென்பட்டால் மூத்த பெண்கள் பார்த்து உறுதி செய்வார்கள், சன்னிதி மூடப்படும், பிறகு பம்பையாற்றுக் கடவில் ஆறாட்டு. அந்த உடையாடையைப் பெறப் பக்தர்கள் காத்திருப்பார்கள். தேவியின் துணிக்கு விலை உண்டு.

இனி நாப்கின் வந்த கதை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1896இல் 'லிஸ்டர் டவல்' என்று அமெரிக்காவில் விற்றுப்பார்த்தது. கடையில் கேட்டு வாங்கப் பெண்கள் கூசியதால் எடுபடவில்லை. முதல் உலகப்போரில் காயங்களுக்குக் கட்டிய மரக்கூழ்ப் பஞ்சைச் செவிலியர்கள் தம் தேவைக்கும் பயன்படுத்தியதிலிருந்து 1920இல் கோடெக்ஸ் பிறந்தது. கடைக்காரரிடம் வாய்திறவாமல் காசைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். நம் மருந்துக்கடைக்காரர்கள் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு உறையில் போட்டுக் கொடுப்பது இதன் தம்பிதான். 90களில் தொலைக்காட்சி விளம்பரங்களில் பஞ்சின்மேல் நீலத் திரவத்தை ஊற்றிக் காட்டினார்கள். துணி துவைப்பதில் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரே நீலம் சொட்டு நீலம். இருந்தாலும் துவைக்கவேண்டாம், காயப்போடவேண்டாம் என்பது என் தலைமுறைக்கு எத்தகைய விடுதலை என்பதை ஆண் வாசகர்களுக்கு விளக்குவது கடினம். கோவை முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைச் செய்ததும், தமிழக அரசு புதுயுகம் திட்டத்தில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கியதும், 2017இல் விதித்த 12 சதவீத ஜிஎஸ்டியை எதிர்ப்புக்குப் பின் 2018 ஜூலையில் நீக்கியதும் யாவரும் அறிந்தவை. தூக்கியெறிவதை யார் அள்ளுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. புறவாசலில் நின்றவளின் இடத்தில் இப்போது குப்பைவண்டிக்காரப் பெண் நிற்கிறாள்.

இந்த விடுதலையின் பேரில் துணிக்கு ஓர் அவப்பெயரும் வந்து சேர்ந்தது. துணி என்றால் நோய், நாப்கின் என்றால் சுகாதாரம் என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். நானே என் மாணவிகளிடம் அப்படிப் பேசியிருக்கிறேன். ஒடிசாவில் நடந்த இரு ஆய்வுகளை அண்மையில் படித்தேன். 2015இல் வெளியானது, மறுபயன்பாட்டுத் துணி உபயோகிப்போரிடையே தொற்று அதிகம் என்றது. 2018இல் வெளியானது இன்னும் சற்று உள்ளே போய்ப் பார்த்தது. துணியை வீட்டுக்குள் உலர்த்துவதும் கழிப்பறையில் சேமித்து வைப்பதும் பூஞ்சைத் தொற்றோடு தொடர்புடையவை என்று கண்டது. ஆக, கூடவே விசாரிக்கப்பட வேண்டியது அந்தச் சாக்கின் அடி, அந்த எரவாணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 24 வயதுவரையான இந்தியப் பெண்களில் 64 சதவீதத்தினர் நாப்கின் பயன்படுத்துகிறார்கள்; துணி பயன்படுத்துவோர் 50 சதவீதம்; இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்துவோர் பலர் என்பது இக்கூட்டலிலேயே தெரிகிறது. பாதிப் பெண்கள் இன்றும் எங்கேயோ ஒரு துணியை உலர்த்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய ஈகோஃபெம் போன்ற முயற்சிகள் துவைக்கத்தக்க பருத்தி அணையாடைகளைத் தைத்துத் தருகின்றன. என் மகள் வாங்கிய உள்ளாடை இதற்கு அடுத்த வடிவம்: ஈரத்தை உள்ளிழுக்கும் ஓர் அடுக்கு, தேக்கிவைக்கும் ஓர் அடுக்கு, கசியவிடாத ஓர் அடுக்கு. புதியது என்பதாலேயே எல்லாம் நல்லது என்று நம்பிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் திங்க்ஸ் நிறுவனத்தின் உள்ளாடைகளில் எளிதில் அழியாத வேதிப்பொருட்கள் இருப்பதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு, நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தபோதிலும், 2023இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. விலையும் சாமானியர்க்கு எட்டுவதன்று. மூன்றின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்து அரிசி வாங்கலாம்.

மகள் முதல்முறை அவற்றைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டாள், தன் சுடிதாருக்கும் என் கணவரின் வேட்டிக்கும் நடுவில். பகல் பதினோரு மணி வெயில். அரைமணி கழித்து நான் மேலே போனபோது அவற்றின்மேல் ஈரத்துண்டு ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. மூட்டுவலியோடு இரண்டு மாடி ஏறி வந்து என் தாயார் செய்த காரியம். மகள் துண்டை எடுத்துவிட்டாள். மறுமுறையும் துண்டு இருந்தது. மறுபடியும் எடுத்தாள். இருவரும் இதுபற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இப்போது மூன்றாவது மாதம். துண்டு கொடியில்தான் கிடக்கிறது, ஒரு சாண் தள்ளி.